வளர்ப்புக்கு வந்த பிள்ளையின் உடலும் மனமும்: டர்பன் தமிழ்க் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

டர்பனைச் சுற்றி சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், வெருலம் என்று எந்தப் பக்கம் போனாலும் பேரப்பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் ஆயாக்கள் இருக்கிறார்கள். சில வீடுகளில் மகள் இறந்துபோயிருப்பாள். சில வீடுகளில் மகனோ மருமகளோ 'சுகர்ஸ்' என்ற மலிவான ஹெராயின் கலவைக்கு அடிமையாகியிருப்பார்கள். இன்னும் சில பிள்ளைகளை, வீட்டில் நடந்த அடிதடிக்குப் பிறகு, சோஷியல் வொர்க்கரே கூட்டிவந்து சித்தியிடமோ பெரியம்மாவிடமோ உறவே இல்லாத ஒரு குடும்பத்திடமோ விட்டிருப்பார்.

இந்தப் பிள்ளைகளின் உடல்நலம் கெடுவதற்கு நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் காரணம், கை மாறும்போது அவர்களைப் பற்றிய விவரம் தொலைந்துபோவதுதான். எந்த ஊசி போட்டது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ராத்திரியில் ஏன் அலறுகிறான், ஆஸ்பத்திரியில் யார் கையெழுத்துப் போடலாம் என்பதில் ஆளுக்குக் கொஞ்சம் தெரியும். முழுசாக யாருக்கும் தெரியாது. சோஷியல் வொர்க்கர் மாறுவார், கிளினிக் சிஸ்டர் மாறுவார், டீச்சரும் வருஷத்துக்கு ஒருவர். முழு விவரமும் தெரிந்த ஒரு ஆள் பிள்ளைக்கு வேண்டும். பிள்ளை உங்கள் வீட்டில் தூங்குகிறது என்றால் அந்த ஆள் நீங்கள்தான்.

படி 1: காகிதங்களைச் சரிசெய்யுங்கள், அதற்காகக் கிளினிக்கைத் தள்ளிப்போடாதீர்கள்

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு மருத்துவம் இலவசம் என்று 1994 மே மாதம் மண்டேலா அறிவித்தார். 1996 முதல் அரசு கிளினிக்கில் ஆரம்ப சிகிச்சை எல்லோருக்குமே இலவசம். ஆகவே கோர்ட் ஆர்டர் கைக்கு வரவில்லை, பிறப்புச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். இருப்பதை எடுத்துக்கொண்டு போங்கள். இல்லாததைப் பிறகு பார்க்கலாம்.

காகித வேலையில் அதிகம் சறுக்கும் இடம் ஆர்டரின் காலக்கெடு. 2005-ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி ஃபாஸ்டர் கேர் என்பது, பிள்ளையை உங்கள் பொறுப்பில் வளர்க்கச் சொல்லி சிறார் நீதிமன்றம் தரும் உத்தரவு. நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லாவிட்டால் அது இரண்டு வருஷத்தில் காலாவதியாகிவிடும். நீட்டிக்காமல் விட்டால், அரசின் உதவித்தொகைகளை வழங்கும் சாசா தரும் ஃபாஸ்டர் கிரான்ட்டுக்கும் ஆபத்து. ஆர்டர் முடியும் தேதியைச் சமையலறைக் காலண்டரில் பெரிதாக எழுதுங்கள். ஆறு மாதம் முன்பே சோஷியல் வொர்க்கருக்கு எழுத்தில் நினைவூட்டுங்கள், ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது போதும். அவரிடம் எத்தனையோ கோப்புகள் இருக்கும். உங்களுடையது மேலே வர நீங்கள் கேட்டால்தான் ஆகும்.

ஃபாஸ்டர் கிரான்ட்டுக்கு உங்கள் வருமானத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளைக்குக் கடுமையான ஊனம் இருந்தால் கேர் டிபென்டன்சி கிரான்ட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். தாய் தந்தை இறந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு, கோர்ட்டுக்குப் போகாமலே, சைல்ட் சப்போர்ட் கிரான்ட்டோடு கூடுதல் தொகை தரும் ஏற்பாடு 2022 முதல் இருக்கிறது. ஃபாஸ்டர் ஆர்டருக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கும் ஆயாக்கள் பலருக்கு இது தெரியாது. சாசா அலுவலகத்தில் 'டாப் அப்' என்று கேளுங்கள்.

படி 2: பழைய விவரத்தைத் தேடி எடுங்கள்

ஒரு தடித்த கோப்பு வாங்குங்கள். கோர்ட் ஆர்டரின் நகல், பிறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டையின் நகல், கிளினிக் கார்டு எல்லாம் அதற்குள் போகட்டும். கிளினிக் கார்டு என்று நாம் சொல்வது 'ரோட் டு ஹெல்த்' புத்தகத்தைத்தான். அது தொலைந்திருந்தால், பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தது, எந்தக் கிளினிக்கில் ஊசி போட்டது என்று கேட்டு அங்கேயே போய் பதிவிலிருந்து எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய கிரெஷ்ஷிலும் ஒரு நகல் வைத்திருக்க வாய்ப்புண்டு.

அப்புறம், தாயிடம் கேளுங்கள். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். பிள்ளையை இந்தக் கதிக்கு விட்டவளிடம் போய் என்ன கேட்பது என்பார்கள். ஆனால் பிறந்தபோது எடை எவ்வளவு, வலிப்பு வந்ததா, வீஸிங் உண்டா, பென்சிலின் போட்டபோது உடம்பு தடித்ததா, வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா, கர்ப்பத்தில் எச்ஐவி பரிசோதனை என்ன சொன்னது என்பதெல்லாம் அவளுக்கு மட்டுமே தெரிந்திருக்கலாம். கர்ப்பத்தில் குடித்தாளா என்பதும் தெரிய வேண்டும். கருவிலேயே மதுவால் பாதிக்கப்படும் பிள்ளைகள் உலகிலேயே அதிகம் இருக்கும் நாடுகளில் நம் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. படிப்பு ஏறவில்லை, சொன்னது நினைவில் நிற்கவில்லை என்று அடி வாங்கும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மைக் காரணம் அதுவாக இருக்கும். குற்றம் சாட்டாமல், "பிள்ளைக்கு மருந்து கொடுக்கணும்மா, அதுக்குத்தான் கேக்கறேன்" என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். கேட்டதைத் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

படி 3: முதல் முழுப் பரிசோதனை

பிள்ளை வந்த முதல் இரண்டு வாரத்துக்குள், நோய் இல்லாவிட்டாலும், கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். சிஸ்டரிடம் "இவன் எங்க வீட்டுக்குப் புதுசா வந்த ஃபாஸ்டர் பிள்ளை, எல்லாம் பாத்துக் கொடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சளிக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

தடுப்பூசி அட்டவணை 6, 10, 14 வாரங்கள், 6, 9, 12, 18 மாதங்கள், பிறகு 6 வயது, 12 வயது என்று போகிறது. நடுவில் விட்டுப்போயிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ சொட்டும் பூச்சி மருந்தும் உண்டு.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் கையை அளக்கச் சொல்லுங்கள். மேல்கையின் நடுவில் ஒரு வண்ண நாடாவைச் சுற்றுவார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு அது 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே காட்டினால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு, அன்றைக்கே சிகிச்சை தொடங்க வேண்டும். 11.5-க்கும் 12.5-க்கும் இடையில் இருந்தால் கூடுதல் உணவும் அடிக்கடி எடை பார்ப்பதும் தேவை. முகம் உப்பலாக இருக்கிறதே, பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். புரதம் போதாத பிள்ளைக்கும் முகமும் காலும் வீங்கும்.

கண், காது, பல் மூன்றையும் விடாதீர்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைத் திமிர் பிடித்தவன் என்று சொல்வதற்கு முன் காதைப் பாருங்கள். பல நாள் சீழ் வடிந்து காது மந்தமாகியிருக்கலாம். பள்ளிகளில் 2012 முதல் பள்ளிச் சுகாதாரத் திட்டம் இருக்கிறது, ஆனால் நர்ஸ் எல்லா வகுப்புக்கும் எல்லா வருஷமும் வருவதில்லை. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

டிபியும் எச்ஐவியும் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் கேட்டே ஆகவேண்டிய இரண்டு கேள்விகள். வீட்டில் யாருக்காவது டிபி இருந்திருந்தால், பிள்ளைக்கு நோய் இல்லாவிட்டாலும் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். எச்ஐவி பரிசோதனைக்கு 12 வயதான பிள்ளை தானே சம்மதம் தரலாம். அதற்குக் குறைந்த வயதில் பராமரிப்பவர் தரலாம். முடிவு என்னவானாலும் அது பிள்ளையின் ரகசியம், சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. கோயில் கமிட்டிக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதில் வேலையில்லை. மருந்து தொடங்கினால் ஒழுங்காகச் சாப்பிடும் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். அதனால் பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

படி 4: யார் கையெழுத்துப் போடலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"நான் அம்மா இல்லையே, எனக்கு உரிமை இல்லை" என்று ஃபாஸ்டர் பெற்றோர் பலர் ஒதுங்கி நிற்கிறார்கள். உங்களுக்கு நீங்கள் நினைப்பதைவிட அதிக உரிமை இருக்கிறது. எல்லாம் சிறார் சட்டம் பிரிவு 129-இல் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது.

சாதாரண மருத்துவச் சிகிச்சைக்கு, 12 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால், பராமரிப்பவரே சம்மதம் தரலாம். ஃபாஸ்டர் பெற்றோரும் பிள்ளைகள் இல்லத்தின் தலைவரும் அதில் அடக்கம். ஊசி, மாத்திரை, எக்ஸ்ரே, தையல் எதற்கும் ஓடிப்போய்த் தாயைத் தேட வேண்டியதில்லை. 12 வயதைத் தாண்டி, விஷயத்தைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்தால் பிள்ளையே சம்மதம் தரும். அந்த வயதில் டாக்டர் பிள்ளையிடம் நேராகப் பேச விடுங்கள், நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

அறுவைச் சிகிச்சை வேறு. அதற்குப் பெற்றோர் அல்லது சட்டப்படியான கார்டியனின் சம்மதம் வேண்டும், பராமரிப்பவரின் கையெழுத்து போதாது. 12 வயதுக்கு மேற்பட்ட பக்குவமான பிள்ளை தானே சம்மதம் தந்தாலும் பெற்றோரோ கார்டியனோ துணை நிற்க வேண்டும். உயிர் போகும் நிலை, அல்லது நிரந்தர ஊனம் வரும் நிலை, தாமதிக்க முடியாது என்றால் ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளரே சம்மதம் தரலாம். பெற்றோரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, இறந்துவிட்டார்கள், காரணமில்லாமல் மறுக்கிறார்கள் என்றால் சமூக மேம்பாட்டு அமைச்சர் தரப்பிலிருந்தோ சிறார் நீதிமன்றத்திடமிருந்தோ வாங்கலாம். மதத்தை மட்டும் காரணம் காட்டிப் பெற்றோர் மறுக்க முடியாது.

அவசரத்தில் பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. மாட்டிக்கொள்வது டான்சில், குடலிறக்கம், மயக்க மருந்து கொடுத்துப் பல் எடுப்பது போன்ற, தேதி கொடுத்துச் செய்யும் ஆபரேஷன்கள். மாதக்கணக்கில் காத்திருந்து வந்த தேதியில், காலையிலிருந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை, கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். ஆகவே தேதி கொடுத்த அன்றே சோஷியல் வொர்க்கருக்குத் தகவல் சொல்லுங்கள், சம்மதம் எழுத்தில் கைக்கு வந்ததா என்று ஒரு வாரம் முன்பு மறுபடி கேளுங்கள். அந்தக் காகிதத்தின் நகலும் கோப்பில் இருக்கட்டும்.

படி 5: சாப்பாடு, தூக்கம், கோபம்

பசியில் வளர்ந்த பிள்ளை சாப்பாட்டைப் பதுக்கும். தலையணை உறைக்குள் பாதி ரொட்டி, காற்சட்டைப் பையில் நசுங்கிய வடை, ஷூவுக்குள் பிஸ்கட் எல்லாம் கிடைக்கும். எறும்பு வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும். திருட்டு என்று பேர் வைக்காதீர்கள். பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு டின் வைத்து, "இது உன்னோடது, எப்ப வேணும்னாலும் திறக்கலாம், காலியானா நான் நிரப்புவேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி தினமும் நிரப்புங்கள். முதலில் மொத்தத்தையும் தின்று வயிற்றுவலி வரும். போகப் போகப் பாதி டின் அப்படியே இருக்கும். அப்போது, அடுத்த வேளைச் சாப்பாடு வரும் என்று பிள்ளை நம்ப ஆரம்பித்துவிட்டது.

புரட்டாசி விரதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அந்த மாதம் முழுக்க மீன், கறி, முட்டை இருக்காது. நல்லதுதான். ஆனால் எடை குறைந்த பிள்ளையும் மருந்து சாப்பிடும் பிள்ளையும் அதில் சேர வேண்டாம். வீட்டில் முட்டை சமைக்க மனம் வரவில்லை என்றால் பருப்பு, சுகர் பீன்ஸ் கறி, தயிர், பீனட் பட்டர் எல்லாம் வேளைக்கு வேளை தாராளமாகக் கொடுங்கள். பட்டினி மட்டும் போடாதீர்கள்.

படுக்கையை நனைப்பது ஐந்து வயது வரை சாதாரணம். அதற்கு மேல் என்றாலோ, நின்றுபோனது மறுபடி தொடங்கினாலோ, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சர்க்கரை வியாதி இருக்கிறதா என்று கிளினிக்கில் பாருங்கள். ஒன்றுமில்லை என்றால் பயம் காரணமாக இருக்கலாம். விரிப்பைச் சத்தமில்லாமல் மாற்றுங்கள், மற்றப் பிள்ளைகள் முன்னால் பேச்சே வேண்டாம்.

அலறி எழும் பிள்ளைக்குத் திருநீறு பூசி மாரியம்மனிடம் வேண்டிக்கொள்வதில் தப்பில்லை. பல பிள்ளைகளுக்கு அந்தக் கை படுவதே ஆறுதல். ஆனால் பேய் பிடித்திருக்கிறது என்று பிள்ளையின் காதில் விழும்படி யாரும் சொல்லக்கூடாது. தன்னிடம்தான் ஏதோ கெட்டது இருக்கிறது, அதனால்தான் அம்மா விட்டுப் போனாள் என்று அது ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கும்.

அடிக்காதீர்கள். வீட்டுக்குள் பெற்றோர் அடிப்பதற்குச் சட்டத்தில் இருந்த விலக்கை அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 செப்டம்பரில் நீக்கிவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், அடி வாங்கியே வந்த பிள்ளைக்கு உங்கள் அடி எதையும் கற்றுத்தராது. நீங்களும் மற்றவர்களைப் போலத்தான் என்று மட்டும் காட்டும்.

தூக்கமின்மை, பேசாமல் ஒடுங்கிப்போவது, தன்னைத்தானே காயப்படுத்துவது, சாக வேண்டும் என்று சொல்வது, இவை வாரக்கணக்கில் பொறுத்துப் பார்க்கும் விஷயங்கள் அல்ல. கிளினிக் சிஸ்டரிடம் சொல்லி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குச் சீட்டு வாங்குங்கள். சைல்ட்லைன் எண் 116 இலவசம். நீங்களும் கூப்பிடலாம், பிள்ளையும் கூப்பிடலாம். அந்த எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடம் ஆக்குங்கள்.

பிள்ளை தன்னிடம் யாரோ தவறாக நடந்துகொண்டதைச் சொன்னால், கேள்வி மேல் கேள்வி கேட்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, நான் நம்பறேன்" என்று சொல்லிவிட்டு, குளிக்க வைக்காமல், போட்டிருந்த துணியைக் காகிதப் பையில் வைத்து, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் துதுசேலா மையத்துக்குப் போங்கள். சாட்ஸ்வொர்த்தில் ஆர். கே. கான் ஆஸ்பத்திரியிலும் ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. எச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் தொடங்க முடியுமோ அவ்வளவு நல்லது. குடும்ப மானம் என்று பஞ்சாயத்து பேசும் பெரியவர்களை அன்றைக்கு வீட்டுக்குள் விடாதீர்கள். டீச்சர், நர்ஸ், சோஷியல் வொர்க்கர் போலவே மதத் தலைவர்களுக்கும் இதைத் தெரிவிக்கும் கடமை உண்டு என்று பிரிவு 110 சொல்கிறது. கோயில் குருக்களுக்கும் அது பொருந்தும்.

படி 6: பெற்ற தாய் தந்தையும் பிள்ளையின் வேரும்

தாய் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு இரண்டு மூன்று நாள் பிள்ளை முரண்டு பிடிக்கும், சாப்பிடாது. இதைப் பார்த்து வருகையையே நிறுத்திவிட நினைக்கிறோம். ஆர்டரில் வருகை எழுதியிருந்தால் அதை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. மாற்றுவதும் பெரும்பாலும் நல்லதல்ல. எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் என்று சோஷியல் வொர்க்கரோடு பேசி முடிவு செய்யுங்கள், போதையில் வந்தால் அன்றைக்குப் பார்க்க முடியாது என்பதையும் சேர்த்து. வருவதாகச் சொல்லி வராத நாளில் பொய் சொல்லாதீர்கள். தாயைப் பற்றிக் கெட்டதாகவும் பேசாதீர்கள்.

தமிழ் வீட்டில் வளரும் பிள்ளை தமிழ்ப் பிள்ளையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சுலு பேசும் பிள்ளையோ கிறிஸ்தவப் பிள்ளையோ வந்தால் அதன் பெயரை மாற்றாதீர்கள். சுலுவில் பேசும் ஒருவரோடு அது பழகும்படி பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு யாராவது கூட்டிப்போகட்டும். காவடிக்கு அது உங்களோடு வருவது அதன் விருப்பம். உடன்பிறந்தவர்கள் வேறு வீட்டில் இருந்தால் மாதம் ஒருமுறையாவது சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள்.

படி 7: பள்ளி

வகுப்பாசிரியருக்குத் தேவையானது மட்டும் சொல்லுங்கள்: எந்த மருந்து எப்போது, எதைக் கண்டால் பயப்படும், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. குடும்பக் கதை வேண்டாம்.

படி 8: இல்லங்களுக்கு உதவும் கோயில்களும் சங்கங்களும்

1921-இல் தொடங்கிய ஆர்யன் பெனவலன்ட் ஹோம் முதல் இன்று வரை டர்பன் இந்தியர்கள் ஆதரவற்றோருக்குக் கை கொடுத்தே வந்திருக்கிறார்கள். அந்த மனசுக்கு இன்னும் பயனுள்ள வழி இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் பத்துக் குழுக்கள் இனிப்புப் பெட்டியோடு வரிசையில் நிற்கும்; பிப்ரவரியில் யாரும் வருவதில்லை. ஒரு இல்லத்தின் தலைவரைக் கேட்டுப் பாருங்கள், பல் டாக்டரிடம் கூட்டிப்போக வண்டி, உடைந்த கண்ணாடிக்கு மாற்று, கணக்குச் சொல்லித்தர வாரம் தவறாமல் வரும் ஒரு ஆள் என்றுதான் கேட்பார். சட்டப்படி உங்கள் பின்னணியைச் சோதிப்பார்கள், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரம் தவறாமல் வர முடியாதவர் பிள்ளையோடு நெருங்கிப் பழக வேண்டாம். பணம் கொடுங்கள், அதுவும் பெரிய உதவி. படம் எடுத்து முகநூலில் போடவே கூடாது. சிறார் நீதிமன்ற வழக்கில் உள்ள பிள்ளையை அடையாளம் காட்டுவதைப் பிரிவு 74 தடுக்கிறது.

படி 9: உங்கள் உடம்பு

பேரப்பிள்ளையின் தேதிகளை எல்லாம் எழுதிவைக்கும் ஆயா தன் பிரஷர் மாத்திரையை மறந்துவிடுவார். உங்கள் கிளினிக் தேதியையும் அதே காலண்டரில் எழுதுங்கள். நீங்கள் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் பிள்ளை யாரிடம் இருக்கும் என்று இப்போதே சோஷியல் வொர்க்கரோடு பேசி வையுங்கள். அவருக்குத் தெரியாமல் ஃபாஸ்டர் பிள்ளையை இன்னொரு வீட்டுக்கு மாற்றக்கூடாது.

படி 10: பதினெட்டுக்கு முன்பே

18 வயதாகும் வருஷத்தின் முடிவு வரை பிள்ளை உங்களோடு இருக்கலாம். படிப்போ பயிற்சியோ முடியவில்லை என்றால், பிரிவு 176-இன் கீழ் மாகாண சமூக மேம்பாட்டுத் துறைத் தலைவரிடம் விண்ணப்பித்து 21 வயது வரை நீட்டிக்கலாம். மெட்ரிக் என்ற பள்ளி இறுதிப் பரீட்சை நடக்கும் அதே மாதங்களில் இந்தக் கெடுவும் வந்து முட்டும். ஆகவே ஜூன் மாதமே பள்ளியிடம் படிப்புச் சான்று வாங்கி விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

தொடர்ந்து மருந்து சாப்பிடும் பிள்ளை என்றால், பதினாறிலிருந்தே மாத்திரையைத் தானே எண்ணி எடுக்கவும் அடுத்த தேதியைத் தானே சொல்லவும் பழக்குங்கள். பெரியவர்கள் கிளினிக்குக்கு மாறும் நேரத்தில்தான் மருந்தை அதிகம் விடுகிறார்கள். முதல் சில முறை கூடப் போங்கள், வெளியே பெஞ்சில் உட்காருங்கள், உள்ளே அவன் மட்டும் போய்ப் பேசட்டும். கோப்பின் நகலை அவனிடம் கொடுத்துவிட்டு, மூலத்தை, அவன் சம்மதித்தால், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு ஜோபர்க் போனவன் என்றாவது போன் செய்து, எனக்கு எந்த மருந்து ஒத்துக்காது ஆயா என்று கேட்பான்.